கதவைத் தட்டிவிட்டு நிற்பவர்

அம்மாவின் உதட்டை நனைக்கிற பஞ்சுக்குச்சியை மகள் தண்ணீரில் முக்கி எடுத்தபோதுதான் அப்பாவின் சட்டைப்பையில் ஆஸ்பத்திரி கொடுத்த போன் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பார்க்காவிட்டாலும் அதேதான் நடக்கும் என்பதும் தெரியும்.

"சொல்லுங்க... ஆமா, நான்தான். மூணாவது மாடியா? கூட யாராவது இருக்காங்களா?... சரி, வர்றேன்."

சொல்லும்போதே எழுந்துவிட்டார். கழுத்தில் தொங்கிய அட்டையை நேராக்கிக்கொண்டார். அதில் அவர் படத்துக்குக் கீழே 'ஆன்மிகத் துணை' என்று போட்டிருக்கும். பல வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் அதுதான் அவர் வேலை. சாகக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்வது, செத்தவர்களின் வீட்டாரிடம் பேசுவது, பேசப் பிடிக்காதவர்களோடு சும்மா இருப்பது. எந்தச் சாமியைக் கேட்டாலும் அந்தச் சாமியைச் சொல்வார். சாமியே வேண்டாம் என்றால் மழை வருமா வராதா என்று பேசுவார். அம்மா அவருக்கு வைத்த பெயர் 'வார்டு சாமியார்'.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"மூணாவது மாடியில ஒரு பெரியவரும்மா. யாருமே இல்லையாம். ரொம்ப நேரம் தாங்காதுங்கறாங்க."

"இவங்க மட்டும் தாங்குவாங்களா?"

அப்பா நாற்காலியை இழுத்து அவளுக்கு நேரே, கண்மட்டத்தில் உட்கார்ந்தார். துக்கத்தில் இருப்பவரிடம் நின்றுகொண்டு பேசக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் முதல் பாடம். பிறகு வேலைக்கென்று வைத்திருக்கும் அந்தக் குரலை எடுத்தார். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது.

"உன் கோபம் எனக்குப் புரியுதும்மா."

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "புரியுதுன்னு சொல்லாதீங்கப்பா. 'உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது'ன்னு நாள் பூரா சொல்லித்தான் நானும் சம்பளம் வாங்குறேன். அதை என்கிட்டயே விக்காதீங்க."

அவளுக்குக் குடிநீர் வாரியத்தில் புகார் கேட்கும் வேலை. குழாய் வறண்டவர்களும், தெருவில் சாக்கடை பொங்கியவர்களும் போனில் கூப்பிட்டு அவள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார்கள். அவள் மெத்தென்று பேசுவாள். மெத்தென்று பேசினால் எதிராளி களைத்துப்போய் போனை வைத்துவிடுவான் என்பதுதான் அதில் உள்ள சூட்சுமம். அதனால் அந்தக் குரல் அவளிடம் செல்லாது.

"இன்னொருத்தர் லீவு. இன்னைக்கு டியூட்டியில நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

"நீங்க லீவு போட்டிருக்கலாமே. அவங்களுக்கு வந்தா தலைவலி, நமக்கு வந்தா ஒண்ணுமில்லையா?"

அப்பா எழுந்து, கட்டிலுக்குக் குனிந்து, "போயிட்டு உடனே வந்துடுறேன்" என்று அம்மாவிடம் சொன்னார், அதே குரலில். அம்மாவின் கண் பாதி திறந்திருந்தது. அவர் கதவைச் சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

அந்தக் குரல் பிறவிக் குரல் அல்ல. அப்பா முன்பு அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகியதில், வீட்டிலும் உப்பு வேண்டும் என்றால் தெருமுனை வரை கேட்கும். அம்மாவும் சளைத்தவள் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் பாதத்தை வைத்தபடி "நிறுத்து! நிறுத்துய்யா!" என்று அவள் போடும் சத்தத்தில் பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாம் வெலவெலத்துப் போவார்கள். அவளுக்குப் 'பிரேக் மேடம்' என்று பெயர். இவர்கள் இரண்டு பேரும் சண்டை போட்டால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். சண்டை முடிந்ததும் இரண்டு பேருக்கும் நல்ல பசி எடுக்கும்.

அச்சகத்தை மூடினார்கள். அப்பா ஏதோ பயிற்சிக்குப் போனார், அட்டையை மாட்டினார், ஆளே மாறிப்போனார். வீட்டுக்குள்ளும் கதவைத் தட்டிவிட்டு நிற்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் அது விதி. இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. உள்ளே இருப்பவர் கூப்பிட்டால் ஒழிய நுழையக் கூடாது, வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டும். "சொந்த வீட்டு அடுப்படிக்கு வெளிய தட்டிட்டு நிக்கிற ஒரே ஆம்பளை இவர்தான். தபால்காரன்கூட உள்ள வந்துடுவான்" என்று அம்மா சிரிப்பாள். முதல் இரண்டு வருஷம் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

வியாதி இன்னதென்று தெரிந்த அடுத்த வாரம், அம்மா யாரிடமும் கேட்காமல் அந்த இரண்டு பிரேக் வைத்த காரை விற்றுவிட்டு வந்தாள். விற்றுவிட்டு அப்பா முன்னால் போய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வேண்டுமென்றேதான் நின்றாள். அவரும் சேர்ந்து கடன் அடைத்த கார் அது. பழைய மனுஷனாக இருந்தால் கூரை பறந்திருக்கும். அப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, "அது உன்னோட முடிவு. நான் மதிக்கிறேன்" என்றார்.

போன மாதம் கண்ணாடி டம்ளரைச் சுவரில் அடித்து, "எனக்குச் சாகப் பயமா இருக்குய்யா!" என்று அம்மா அலறினாள். "அந்தப் பயத்தைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?" என்று கேட்டார் அப்பா. அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். போய் விளக்குமாற்றை எடுத்து வந்து கண்ணாடியைத் தானே பெருக்கினாள்.

அன்றைக்கு மகளிடம் சொன்னாள். "எல்லாரையும் மாதிரி என்னையும் ஒரு பேஷண்ட் ஆக்கிட்டாருடி. நான் கட்டிக்கிட்ட ஆள் எங்கன்னே தெரியல. சாகறதுக்குள்ள அந்த ஆள் ஒரு தடவை வந்து என்கிட்ட கத்தணும். 'போகாதடி'ன்னு கத்தினாலும் சரி, 'தொலைஞ்சு போ'ன்னு கத்தினாலும் சரி. நீதான் எப்படியாவது கூட்டிட்டு வரணும்."

"வருவாரும்மா" என்று மகள் வாக்குக் கொடுத்துவிட்டாள். அப்பாவிடம் வந்து ஒரு வார்த்தை விடாமல் சொல்லவும் செய்தாள். அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். கடைசியில், "அம்மா இப்படிச் சொன்னது உனக்கு எப்படி இருந்தது?" என்றார். செவிடன் காதில் ஊதிய சங்கு. அவள் எழுந்து வந்துவிட்டாள், இல்லையென்றால் பெற்ற தகப்பனை அடித்திருப்பாள்.

இப்போது ஜன்னலில் மத்தியான வெயில் சுள்ளென்று அடித்தது. திரையை இழுத்துவிட்டுத் திரும்பியபோது போர்வைக்குள் அம்மாவின் வலது பாதம் அசைவதைப் பார்த்தாள். முன்னால் அழுந்தியது, விட்டது, மறுபடியும் அழுந்தியது. காலையிலிருந்தே இப்படித்தான். என்னவென்று முதலில் புரியவில்லை, புரிந்த பிறகு அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

"அம்மா, வண்டி நின்னுடுச்சும்மா. காலை எடுங்க."

பாதம் இன்னும் ஒரு முறை அழுந்தியது. அப்படியே அழுத்தியபடி இருந்துவிட்டது. மூச்சு ஒன்று வந்தது. அடுத்ததற்காக மகள் காத்திருந்தாள், கையில் பஞ்சுக்குச்சியோடு. அது வரவில்லை.

அப்பாவைக் கூப்பிடத் தன் போனை எடுத்தாள். விரல் அவர் எண்ணின் மேல் போய் நின்றது. 'இவங்க மட்டும் தாங்குவாங்களா' என்று வாய் திறந்து கேட்டும் போன மனுஷன். யாரோ ஒருவன் தனியாகச் சாகக் கூடாதென்று ஓடுகிறவர், இங்கே மகளைத் தனியாக விட்டுவிட்டார். போனை வைத்துவிட்டு மணியை அழுத்தினாள்.

வந்த நர்ஸ் சின்னப் பெண். அன்றைக்குத்தான் வேறு ஆஸ்பத்திரியிலிருந்து மாறி வந்தவள். நாடி பார்த்து, டாக்டரைக் கூட்டிவந்து காட்டி, அம்மாவின் கண்ணை மூடி, போர்வையைச் சரிசெய்தாள். எல்லாம் முடிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, இங்க ஆறுதல் சொல்றதுக்கு ஒருத்தர் இருக்காராம். ரொம்ப நல்லாப் பேசுவாராம். கூப்பிடட்டுமா? இந்த மாதிரி நேரத்துல எல்லாருக்கும் கூப்பிடச் சொல்லியிருக்காங்க."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை. அவர் யார் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"கூப்பிடுங்க. எல்லாருக்கும் கூப்பிடுற மாதிரியே கூப்பிடுங்க."

நர்ஸ் வெளியே மேஜையிலிருந்து பேசியது நன்றாகவே கேட்டது. "சார், முதல் மாடியில ஏழாம் ரூம்ல ஒரு டெத். லேடி. மகள் மட்டும்தான் கூட இருக்காங்க... அழல சார், ரொம்பக் கோவமா இருக்காங்க... ஹலோ? சார்? லைன்ல இருக்கீங்களா?" கொஞ்ச நேரம் கழித்துப் போனை வைக்கும் சத்தம் கேட்டது.

மகள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். வரட்டும், ஓடி வரட்டும், வந்து என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம். ஒவ்வொரு வார்த்தையையும் அவர் முகத்திலேயே திருப்பி அடிக்கத் தயாராக இருந்தாள்.

ஓடிவரும் சத்தம் கேட்கவில்லை. கதவில் இரண்டு தட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு.

அவளால் நம்ப முடியவில்லை. கதவுக்கடியில் இரண்டு செருப்பின் நிழல் தெரிந்தது. உள்ளே கிடப்பது கட்டிய மனைவி, வெளியே தட்டிவிட்டு நிற்கிறார்.

"உள்ள போங்க சார்" என்றாள் நர்ஸ் வெளியே.

"அவங்க இன்னும் கூப்பிடலம்மா." அதே குரல்.

"யாரு?" என்றாள் மகள், உள்ளிருந்தபடியே. யாரென்று தெரிந்துதான் கேட்டாள்.

"நான் ஆன்மிகத் துணைப் பிரிவுல இருந்து வந்திருக்கேன். உங்களோட கொஞ்ச நேரம்..."

பாதியில் நின்றது. வாய் தானாகச் சொல்லிவிட்டது என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். வராந்தாவில் யாரோ தள்ளிக்கொண்டு போன வண்டியின் சக்கரம் கிரீச்சிட்டு அடங்கியது.

"இங்க யாரும் தேவையில்லை" என்றாள் மகள். "நீங்க போகலாம்."

விதிப்படி அதற்கும் ஒரு பதில் உண்டு. 'சரிங்க, தேவைப்பட்டா எப்ப வேணாலும் கூப்பிடுங்க.' அவர் வீட்டில் சத்தம் போட்டு மனப்பாடம் செய்த பதில். அவள் அதற்காகக் காத்திருந்தாள். அது வந்தால் இனி அப்பா என்று ஒருவர் இல்லை என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

நிழல் அசைந்தது, ஒரு அடி பின்னால் போனது.

அடுத்த நொடி கதவு சுவரில் போய் மோதியது. மோதிய வேகத்தில் மாட்டியிருந்த கடிகாரம் ஆடியது. அப்பா நேராகக் கட்டிலிடம் போனார். மகள் இருந்த பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

"போயிட்டு உடனே வர்றேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்!" அச்சகத்து மெஷினுக்கு மேலே கத்துகிற குரல். கரகரத்துப்போய், துருப்பிடித்துப்போய், ஆனால் அதே குரல். "அதுக்குள்ள உனக்கு என்னடி அவசரம்? ஊரையே நிறுத்து நிறுத்துன்னு கத்துவியே, நீ ஒரு நிமிஷம் நிக்க மாட்டியா? எந்திரி! எந்திரிச்சு பதில் சொல்லுடி!"

நர்ஸ் வாசலுக்கு ஓடிவந்தாள். அவர் கழுத்து அட்டையைப் பிடித்து இழுத்தார். அது அறுந்து வரவில்லை, கழுத்தைத்தான் அறுத்தது. அது வேறு அவருக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

மகளின் கோபம் குறையவில்லை. கூடத்தான் செய்தது. இந்த ஆளைத்தானே அவள் கேட்டாள்? காது கேட்கிறபோது வந்திருக்கக் கூடாதா? எல்லாம் முடிந்து, கண்ணை மூடிவிட்ட பிறகு வந்து கத்துகிறாரே. அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. எழுந்து பக்கத்தில் போனாள்.

அப்போது அவர் சட்டைப்பையில் அந்தப் போன் அடித்தது.

அப்பாவின் கை பழக்கத்தில் பைக்குப் போனது. அதற்குள் மகள் பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்துவிட்டாள். அவர் அதைக் கேட்டு வாங்கவில்லை, மறுபடி கட்டில் பக்கம் திரும்பிவிட்டார். அவள் வெளியே வந்து, வாசலில் நின்ற நர்ஸை நகர்த்தி, கதவைத் தன் பின்னால் சாத்தினாள்.

"சொல்லுங்க" என்றாள், புகார்ப் பிரிவுக் குரலில். "இல்லைங்க, அவர் வரமாட்டார்... உங்க சிரமம் புரியுது... இல்லை, எப்பன்னு சொல்ல முடியாது. வேற யாரையாவது பாருங்க."

போனை அணைத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, அவர் யாரு?" என்றாள் நர்ஸ்.

"எங்கப்பா."

"ஐயோ... பக்கத்து ரூம்லல்லாம் பேஷண்ட் இருக்காங்கக்கா. கொஞ்சம் மெதுவா..."

"இருக்கட்டும். அவர் எங்கம்மாகிட்ட பேசிட்டிருக்கார்."

மகள் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். இனி யாரும் உள்ளே போக வேண்டுமென்றால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். பலகை வழியாக அப்பாவின் சத்தம் முதுகெலும்பில் அதிர்ந்தது. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பியது, மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்தது என்று ஒவ்வொன்றாக இழுத்துப்போட்டுத் திட்டிக்கொண்டிருந்தார். பிறகு குரல் இன்னும் உயர்ந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா? யாரைக் கேட்டுடி அந்தக் காரை வித்த?"

அதோடு நிறுத்தினார். அந்தக் காலத்துச் சண்டைகளில் அவர் இப்படிக் கேட்டு நிறுத்துகிற இடத்தில்தான் அம்மா ஆரம்பிப்பாள்.

மகளும் கதவுக்கு வெளியே அந்தப் பதிலுக்காகக் காத்து நின்றாள்.