மூலைக்கு மூலை

மகள் கட்டம் போட்ட தாளில் நான்கு புள்ளிகள் வைத்துக் கோட்டால் சேர்த்திருந்தாள். (0,0), (5,0), (8,4), (3,4). என்ன வடிவம் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம்.

"மூணு தள்ளி நாலு ஏறுது, அப்போ நீளம் அஞ்சு" என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். "நாலு பக்கமும் அஞ்சுதான்ப்பா."

"அப்புறம் என்ன யோசனை? சதுரம்னு எழுது." முப்பது வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்குச் சதுரம் தெரியாதா?

"உங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம். சாய்வும் பாக்கணும்ப்பா. அடிப்பக்கம் பூஜ்யம், பக்கவாட்டுக் கோடு நாலு பை மூணு. நேரா நிக்கல, சரிஞ்சு நிக்குது. நீளத்தை மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம். இது சாய்சதுரம்."

தாளை வாங்கிப் பார்த்தேன். அக்கா வீட்டு ஜன்னல் ஞாபகம் வந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அக்கா வீடு கட்டினாள். முன்னறை ஜன்னலுக்கு நான்தான் அளவெடுத்தேன். நான்கு பக்கமும் மூன்றடி. கடையில் கண்ணாடி வெட்டுவது என் தம்பி. அளவுச் சீட்டைப் பார்த்துவிட்டு, "மூலைக்கு மூலை எவ்வளவுண்ணா?" என்று கேட்டான். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் ஜன்னல் சட்டம் கோணவில்லை என்று அர்த்தம். அது எனக்கும் தெரியும். அளக்கத்தான் சோம்பல்.

"நாலு பக்கமும் ஒண்ணுடா. வெட்டுற வேலையைப் பாரு" என்றேன்.

குடிபுகும் நாளுக்கு உறவெல்லாம் வந்திருந்தது. கண்ணாடி சட்டத்துக்குள் போக மறுத்தது. அழுத்தினேன், மூலையில் விரிசல் விட்டது. தம்பி குடியை விட்டு அப்போது இரண்டு வருடம். அத்தனை பேர் முன்னால், "மறுபடி ஆரம்பிச்சுட்டியா? அதான் கை நடுங்கியிருக்கு" என்று கத்தினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அந்த மட்டுப் புத்தியும் கிடையாது. தம்பி வெளியே போனான். கடைப்பக்கம் அப்புறம் வரவே இல்லை. பெரியவன் நான் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

அக்கா வேறு கடையில் சொல்லி அந்தச் சட்டத்துக்கே கண்ணாடி மாட்டிக்கொண்டாள். அதே சட்டம்தான் இன்றும் இருக்கிறது. இப்போது அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"இத்தனை வருஷம் கழிச்சு என்னத்தடா அளக்குற?" என்றாள் அக்கா.

ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை. பிறகு மற்ற இரண்டு மூலை. ஓர் அங்குலம் வித்தியாசம். சட்டமே கோணல். தம்பி வெட்டியது அச்சு அசலான சதுரம், நான் கொடுத்த அளவுக்குச் சரியான சதுரம். நாடாவைச் சுருட்டினேன். வெட்கமாக இருந்தது.

அக்காவிடம் போன் நம்பர் வாங்கித் தம்பியைக் கூப்பிட்டேன்.

"ஜன்னலை அளந்தேன்டா. மூலைக்கு மூலை. தப்பு என்னோடதுதான்."

அந்தப் பக்கம் இருமல் கேட்டது. குரல் குழறியது.

"அன்னைக்கு நான் குடிக்கலண்ணா."

"தெரியும்டா. இப்போ தெரியும்."

"அன்னைக்குச் சாயங்காலம்தான் குடிச்சேன்" என்றான். "அப்புறம் விடவே முடியல."