ஆட்டக்கார வீடு

கண் பரிசோதிப்பது அவள் தொழில். கண்ணாடிக் கடைக்குப் பின்னால் உள்ள இருட்டறையில், வருகிறவர்களின் முகத்துக்கு நேரே சின்ன டார்ச்சைப் பிடித்து, தலையை ஆட்டாமல் வெளிச்சத்தை மட்டும் பார்க்கச் சொல்லிச் சொல்லிப் பதினான்கு வருஷமாக வாய் தேய்ந்துபோயிருந்தது. பஸ் ஓட்டுகிற அண்ணன், லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் வேண்டுமென்று வந்தபோதும் அதையேதான் சொன்னாள்.

வெளிச்சம் வலமிருந்து இடமாக நகர்ந்தது. அண்ணனின் கண்கள் அதோடு வழுக்கிக்கொண்டு வரவில்லை. படியிறங்குவதுபோல விட்டு விட்டுக் குதித்தன. ஒவ்வொரு குதிப்புக்கும் முன்னால் ஒருமுறை இமைத்தான். மடியில் கிடந்த விரல்களைப் பார்த்தாள். அவையும் சும்மா இல்லை. கண்ணுக்குத் தெரியாத பித்தான்களைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தன.

மெஷின் மக்கர் பண்ணுகிறது, அடுத்த வாரம் வா என்று பொய் சொல்லி அனுப்பிவைத்தாள். பழைய சான்றிதழ் மாதக் கடைசிவரை செல்லும். அதுவரை அவன் பஸ் ஓட்டலாம்.

கடைக்கு ஆட்களை அனுப்பும் நரம்பு டாக்டர் ஒருவர் இருந்தார். யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல அவரிடம் கேட்டாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்த ஆளின் அப்பாவுக்கோ அப்பாவைப் பெற்றவர்களுக்கோ கை கால் தானாக ஆடியதுண்டா என்று கேட்டார். அப்படி இருந்தால் குடும்பத்தில் இறங்குகிற நோயாக இருக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்.

அவளுக்குப் பதில் தெரியவில்லை. அப்பா லாரி ஓட்டியவர். அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது பாலத்திலிருந்து லாரியோடு கவிழ்ந்து இறந்தார். தூங்கிவிட்டார் என்றார்கள். பிறந்த வீட்டைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டதற்கு அவர் மூன்று நாள் பேசவில்லை, அதன்பிறகு தான் கேட்கவே இல்லை என்றாள் அம்மா. ஆனால் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பள்ளிச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தாள். அதில் ஓர் ஊர்ப் பெயரும் தாத்தாவின் பெயரும் இருந்தன.

மறுநாளே கிளம்பினாள். ஆறு மணி நேரப் பயணம். அந்த ஊரின் நிலப் பதிவு அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா, தாத்தாவின் பெயரைக் கேட்டதும் பதிவேட்டைப் புரட்டக்கூட இல்லை.

"அட, ஆட்டக்கார வீடா? வாய்க்காலைத் தாண்டிக் கடைசி வீடு."

ஆட்டக்காரர்கள் என்றால் கூத்தாடிகளாக இருப்பார்கள், அதனால்தான் அப்பா மறைத்தார் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் சற்றே நகர்ந்தது. அண்ணனுக்குப் போன் போட்டு, நம்ம பரம்பரையே ஆட்டம் போட்ட பரம்பரையாம் என்றாள். அவன் சிரித்தான்.

"அதான் என் கை சும்மா இருக்க மாட்டேங்குது. சரி வை, வண்டி எடுக்கணும்."

போனை வைத்த பிறகும் அந்தச் சொல் அவள் காதிலேயே நின்றது. கை சும்மா இருக்க மாட்டேங்குது. வாய்க்காலைத் தாண்டும்போது, அது கூத்தாட்டம் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று வெயிலில் வெகுநேரம் நின்றாள்.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். யார் மகள் என்று இவள் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் மலரவும் இல்லை, சுருங்கவும் இல்லை. "சித்தப்பா பொண்ணா? உள்ள வா" என்று மட்டும் சொன்னாள். பெரியப்பாவின் மகள், இவளுக்கு அக்கா முறை.

வீட்டுக்குள் கூர்மையான பொருள் ஒன்றுகூட இல்லை. மேஜையின் மூலைகளில் துணி சுற்றித் தைத்திருந்தது. நாற்காலிகளைத் தரையோடு ஆணியடித்திருந்தார்கள். சுவரெங்கும் இடுப்பு உயரத்தில் ஒரு மரச்சட்டம் ஓடியது. பிடித்துப் பிடித்து அது எண்ணெய் தடவியதுபோல மின்னியது. ஒரு ஆள் பிடித்து அப்படித் தேயாது. எத்தனை பேருடைய கைகள் என்று நினைத்தாள்.

உள்ளறையில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. "அப்பாதான், பயப்படாத" என்றாள் அக்கா.

பயப்படாமல் எப்படி இருப்பது? தரையில் விரித்த மெத்தையில் கிடந்தவருக்கு அவளுடைய அப்பாவின் முகம். போட்டோவில் முப்பத்தைந்து வயதோடு நின்றுபோன அந்த முகம் இங்கே கிழடாகியிருந்தது. கைகள் வீசின, தோள் துள்ளியது, வாய் ஒருபக்கம் இழுத்து மறுபக்கம் போனது. உடம்பு ஒரு நொடிகூட அவர் சொல் கேட்கவில்லை. கண்கள் மட்டும் அவளைத் தேடின, விட்டு விட்டு, குதித்துக் குதித்து. அவள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த வேகத்திலேயே கையை எடுத்துவிட்டாள்.

அக்கா அவளைச் சுவரலமாரிக்கு அழைத்துப் போய்க் கதவைத் திறந்து அதன் உட்புறத்தைக் காட்டினாள். பென்சில் எழுத்து. வேறு வேறு கையெழுத்துகளில் பதினோரு பெயர்கள். பெயர்களுக்கு எதிரே வருஷங்கள்.

"கை ஆட ஆரம்பிச்ச வருஷம். பாத்துக்கிட்டவங்க எழுதி வச்சது."

ஒன்பதாவது பெயர் அப்பாவுடையது. அந்தக் கையெழுத்தை அவள் அறிவாள். அம்மா வைத்திருந்த கடிதங்களில் இருந்த அதே கையெழுத்து, ஆனால் கோணிக்கொண்டு மேலும் கீழுமாக. எதிரில் இருந்த வருஷம், அவர் இறப்பதற்கு முந்தையது.

"ஒரே ஒரு தடவை வந்தார். எனக்குப் பன்னெண்டு வயசு. பென்சிலை ரெண்டு கையாலயும் பிடிச்சு எழுதினார். வீட்ல நானே சொல்லிக்கிறேன், நீங்க யாரும் தேடிட்டு வராதீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார்."

"எங்ககிட்ட சொல்லலையே, அக்கா."

"இங்க மட்டும் எழுதியிருக்கார், பார்."

அப்பாவின் வரிக்குக் கீழே, அதே கோணல் எழுத்தில், அண்ணனின் பெயரும் அவளுடைய பெயரும் இருந்தன. எதிரில் வருஷம் எழுத இடம் காலியாக இருந்தது.

அவள் பஸ்ஸில் உட்கார்ந்தபோது கை கால் உதறியது. அது பயத்தால் வந்த உதறல்தானா என்று தன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்பா தூங்கவில்லை. பாலத்தின் மேல் ஸ்டியரிங் அவர் கைக்கு அடங்கியிருக்காது. அண்ணனின் பஸ்ஸில் நாற்பது பேர் ஏறுவார்கள், காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேறு. போன் போட்டால் எடுக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும், எடுப்பதற்காக அவன் ஒரு கையை விட்டுவிடுவானோ என்று பயந்து அவளே துண்டித்தாள்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே பஸ் டிப்போவுக்குப் போனாள். அண்ணனின் வண்டி அடுத்த நடைக்குப் புறப்பட்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. அவள் அதன் முன்னால் போய் நின்றாள். பிரேக் கிறீச்சிட்டது, வண்டி அவள் நெஞ்சுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. கண்டக்டர் திட்டினார். அண்ணன் இறங்கி வந்தான். திட்டுவான் என்று நினைத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"ரெண்டு மாசமா கியர் தப்பித் தப்பி விழுது. யார்கிட்டயும் சொல்லல" என்றான். பிறகு உள்ளே போய்ச் சாவியை மேலாளர் மேஜையில் வைத்துவிட்டு வந்தான்.

அந்த வீட்டில் பார்த்ததையெல்லாம் அவள் சொன்னாள். இருவரும் ஒரே நாளில் ரத்தம் கொடுத்தார்கள். முடிவு வர ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் ஒரு தம்ளர் கை தவறினாலும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கண்ணாடி முன்னால் நின்று டார்ச்சைத் தன் முகத்துக்கே பிடித்துப் பார்த்தாள். தன் கண் நகர்வதைத் தானே பார்க்க முடியாது என்பது அவள் தொழிலில் அரிச்சுவடி. இருந்தும் பார்த்தாள்.

டாக்டர் அண்ணனை முதலில் அழைத்தார். நான்கே நிமிஷத்தில் வெளியே வந்து, "இருக்கு" என்றான். அடுத்து அவள் போனாள். டாக்டர் காகிதத்தைத் திருப்பி வைத்து விரலால் காட்டினார். அவளுக்கு இல்லை. சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள், வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் இருக்கிறான், அவனிடம் எந்த முகத்தோடு போவது என்ற பயம்தான் வந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. "விடு, நீ ஒருத்தியாவது தப்பிச்ச" என்று நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் இடம் விட்டான். அவன் முழங்கால் தானாக ஆடியது. அவள் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

"பையனுக்கு எப்பப் பாக்கலாம்னு கேட்டேன். பதினெட்டு ஆகணுமாம். அதுவும் அவனாக் கேட்டாத்தான் பாப்பாங்களாம்."

அண்ணன் மகனுக்குப் பதினொன்று.

"ஏழு வருஷம்" என்றாள் அவள்.

"அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஆனா சொல்லணும். நாளைக்கு நீயும் வீட்டுக்கு வா."

வருவதாகச் சொன்னாள். அதைச் சொல்லும்போதே, சோற்றுத் தட்டின் முன்னால் அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்க்கப் போவதும், தன் பார்வை முதலில் அவன் கண்கள் குதிக்கின்றனவா என்று தேடப் போவதும் அவளுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டன.