துரை அடுப்புக்கு மூன்று விலை

பெர்சிஸுக்கு அலுத்துப் போய்விட்டது. மேஜை மேல் மூன்று காகிதங்கள். மூன்றிலும் ஒரே வேலைக்கு மூன்று பேர் கேட்ட விலை. அவள் கணவர் தேவநேசன் அவற்றை வரிசையாக அடுக்குவார், கலைப்பார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அடுக்குவார். நடுநடுவே இருமுவார். அவர் இருமி முடிக்கிறவரை அவள் கையில் எடுத்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த வீட்டில் ஒரு மாதமாக நடந்துகொண்டிருந்தது இதுதான்.

வேலை என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். பசுந்தாங் பேட்டையில் அவர்கள் குடியிருக்கும் கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தது. எந்தப் புண்ணியவானோ, வருஷம் முழுக்க வியர்த்து வழிகிற ரங்கூனில், கூடத்தின் கிழக்குச் சுவரில் குளிர்காய ஒரு கணப்பு கட்டிவைத்துவிட்டுப் போயிருந்தான். சீமையில் அவன் வீட்டில் இருந்ததாம், அதனால் இங்கேயும் வேண்டுமாம். வீட்டில் அதற்குத் துரை அடுப்பு என்று பெயர். அதில் நெருப்பு எரிந்து யாரும் பார்த்ததில்லை. செருப்பு வைத்தார்கள், அரிசி மூட்டை வைத்தார்கள், கிறிஸ்துமஸ் வந்தால் குடில் வைத்தார்கள்.

இப்போது பெர்சிஸின் கண் அதன் மேல் விழுந்திருந்தது. கரண்ட் வந்தால் வரும், வராவிட்டால் யாரையும் கேட்க முடியாது. காஸ் சிலிண்டருக்கு அலைந்து அலைந்து கால் தேய்ந்ததுதான் மிச்சம். ஆபீஸ்களுக்கு அவள் மதியச் சாப்பாட்டு டப்பா அனுப்புகிறாள். குடும்பம் ஓடுவது அதில்தான். சமையலெல்லாம் பின்கட்டில் கரி அடுப்பில். அங்கே இருக்கிற ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். போன புகை சுவரில் முட்டி, சொந்தக்காரன் மாதிரி உரிமையோடு திரும்ப உள்ளே வந்துவிடும்.

அந்தப் புகைதான் தேவநேசனின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இன்னொரு மழைக்காலம் இந்தப் புகையில இவர் தாங்க மாட்டார்மா. புகையை நிறுத்துங்க, இல்லாட்டி இவரை வேற எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். அடுப்பை அணைத்தால் சோறு இல்லை. கூட்டிக்கொண்டு போக வேறு எங்கும் இடமும் இல்லை. அப்போதுதான் துரை அடுப்பு ஞாபகம் வந்தது. அதற்குள் கதவு வைத்த இரும்புப் பெட்டி அடுப்பு ஒன்றைப் பொருத்தி, பழைய புகைக்கூண்டு வழியாக ஒரு குழாயை ஏற்றிக் கூரைக்கு மேலே விட்டுவிட்டால் ஆயிற்று. விறகு உள்ளே எரியும், சட்டி மேலே கொதிக்கும், புகை தன் வழியே போய்விடும். அவளிடம் மீந்திருந்த இரண்டு வளையல்கள் இதற்கென்றே காத்திருந்தன. ஒரு தடவைதான் செய்ய முடியும். தப்பாகப் போனால் மறு தடவை என்ற பேச்சே கிடையாது.

"அப்ப யோசிச்சுத்தான் செய்யணும்" என்றார் தேவநேசன். மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பாவும் அதே நாற்காலியில் கிளார்க். "மூணு கொட்டேஷன் வாங்காம ஸ்கூலுக்கு ஒரு பெஞ்சு வாங்கினதில்ல பெர்சி."

"பெஞ்சு இருமாதுங்க" என்றாள் பெர்சிஸ்.

அவர் கேட்கிற ஆளா? மூன்று பேர் வந்தார்கள்.

முதலில் வந்தவன் ஜோ மின். லத்தா பேட்டையில் ஒரு இரும்புக் கடையின் ஆள், நல்ல மரியாதைக்காரன். அளவு எடுத்தான், புகைக்கூண்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தான், கூண்டு மேல் வீட்டுக் கூடத்துச் சுவர் வழியாகப் போகிறது என்பதால் மாடிக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். இறங்கி வந்தபோது சிரித்த முகம்தான், பேச்சு மட்டும் குறைந்திருந்தது. மறுநாள் வந்த விலையைப் பார்த்துப் பெர்சிஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்தவன் ஜமால். பிரியாணிக் கடைகளுக்கும் ரொட்டிக் கடைகளுக்கும் அடுப்பு கட்டுகிறவன், நம்ம தமிழ் ஆள். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவனும் மாடிக்குப் போனான், வந்தான், டீ குடித்தான், நாளைக்குச் சொல்கிறேன் என்றான். மறுநாள் போனில் சொன்னான். அது ஜோ மின் கேட்டதற்கும் மேலே. போனில் சொன்னதெல்லாம் கொட்டேஷன் ஆகாது என்று தேவநேசன் தன் கையாலேயே அதை ஒரு காகிதத்தில் எழுதி, ஜமால் என்று கீழே போட்டு, மற்றதோடு சேர்த்துவைத்தார்.

மூன்றாவது ஆள் சகாயராஜ், தேவநேசனின் அக்கா மகன். சோலார் தகடு மாட்டுகிற வேலை. அவன் மாடிக்கெல்லாம் போகவில்லை. செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்து, "இது ஒரு வேலையா அத்தை? ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்" என்றான். அவன் கேட்டது ஜோ மின் விலையில் பாதிகூட இல்லை.

"கம்மியா கேக்கறவன் வேலையில கை வைப்பான். ஜாஸ்தியா கேக்கறவன் நம்ம பையில கை வைப்பான். நடுவில இருக்கறவன்கிட்டப் பேசிக் குறைக்கணும். அதுதான் முறை" என்றார் தேவநேசன்.

அந்த முறைப்படி ஜோ மினுக்குப் போன் போட்டார், கொஞ்சம் குறைத்துக்கொள்ளப்பா என்றார். அவன் ரொம்பப் பணிவாக, இரும்பு விலை ஏறிவிட்டது என்று இன்னும் கூட்டிச் சொன்னான். தேவநேசனும் விடவில்லை. காகிதத்தில் பழைய விலையை அடித்துப் புதியதை எழுதினார். சில நாள் கழித்து மறுபடி பேசினார். மறுபடி ஏறிற்று. பேரம் பேசப் பேச விலை ஏறுகிற அதிசயத்தை எங்காவது கேள்விப்பட்டதுண்டா? அவரோ இரும்பு மார்க்கெட்டைத் திட்டினார். திட்டினால் இருமல் வந்தது, இருமினால் கண் பிதுங்கியது, அவள் ஓடிவந்து முதுகைத் தடவினாள். விரலுக்கடியில் எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது. ஐயோ, இந்த மனுஷன் காகிதத்தைக் கட்டிக்கொண்டே செத்துப்போய்விடுவார்.

அன்று டப்பாக்களை அனுப்பி முடித்ததும் அவள் ஓடைப் பக்கம் ஜமாலின் பட்டறைக்கு நடந்தாள். முழங்கால் வலி ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். கோபம் மட்டும் இல்லையென்றால் பாதியிலேயே திரும்பியிருப்பாள்.

"ஜமால், நேராக் கேக்கறேன், நேராச் சொல்லு. உனக்கு இந்த வேலை வேணுமா வேணாமா?"

ஜமால் கையில் இருந்த கரணையைக் கீழே வைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"அக்கா, முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? ஆனாடெயா இருந்துச்சு. அதான் விலைய ஏத்திச் சொன்னேன். நீங்களே புரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சேன்."

ஆனாடெ. பர்மியச் சொல்தான், ஆனால் அங்கே பிறந்த நம் சனங்களின் நாக்கிலும் அதுதான். அடுத்தவர் மனம் நோகுமே என்று வாய் வராமல் கூசி நிற்கிறோமே, அது. வேலை வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், கொடுக்க முடியாத விலையைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். இது ரங்கூனில் டீக்கடை போடுகிறவனுக்குக்கூடத் தெரியும். பெர்சிஸுக்கும் தெரியும். ஆனால் காகிதத்தில் எண்ணாக எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன் கிளார்க் குடும்பத்துக்குக் கண் மறைத்துவிட்டது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர், வேண்டாம் என்ற பதிலை வைத்துக்கொண்டு ஒரு மாதமாகப் பேரம் பேசியிருக்கிறார்கள்!

"ஏன் வேணாம்? சொல்லித் தொலை" என்றாள்.

"மேல் வீட்டம்மா பயா வச்சிருக்கிறது எந்தச் சுவர்னு பார்த்தீங்களா? நம்ம கூண்டு போற அதே சுவர்தான். பயாவுக்குப் பின்னால அடுப்புப் புகை போற மாதிரி எவன் குழாய் போடுவான்? ஜோ மின் கும்பிடறவன். நான் கும்பிடலைன்னாலும் இந்த ஊர்லதானே பொழைக்கிறேன்."

பயா என்றால் புத்தர். மேல் வீட்டில் இருப்பது டோ லா யீ, புருஷன் இறந்தபின் தனியாக இருக்கிற அம்மாள். காலையும் மாலையும் அந்தப் பீடத்தின் முன் உட்கார்ந்து அவர் ஜபிப்பது கீழே வரை கேட்கும். ஒரு மாதம் முன்பு படிக்கட்டில் வைத்துப் பெர்சிஸ் அவரிடம், "உங்க சுவர் வழியா ஒரு குழாய் போகும், பரவாயில்லையா?" என்று கேட்டிருந்தாள். அவர் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்று இவள் நினைத்திருந்தாள்.

திரும்பி வருகிற வழியில் சகாயராஜ் போன் செய்தான்.

"என்ன அத்தை, மாமா இன்னும் கணக்குப் போட்டுட்டே இருக்காரா? நாளைக்கே வந்து மாட்டிடறேன்."

ஜமால் சொன்னதை அவள் சொன்னாள்.

"மேல என்ன இருந்தா நமக்கென்ன? அவங்கதான் பரவாயில்லைன்னு சொல்லிட்டாங்கல்ல?"

ஆமாம், சொல்லிவிட்டார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், புகையும் போகும், இந்தப் பாடும் போகும். அவளுக்கிருந்த அலுப்பில் அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் தேவநேசன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மோட்டார் ஓடாத நாளெல்லாம் கீழேயிருந்து இவர்கள் வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் தூக்கிவைத்தவர் டோ லா யீ. அப்போதும் அவர் சொன்னது இதே பரவாயில்லைதான். அன்று அவருக்கு இடுப்பு வலி என்பது பிறகுதான் தெரிந்தது.

"வேணாம் சகாயம். நான் சொல்றேன்" என்று போனை வைத்தாள்.

கட்டடத்துக்கு வந்தவள் தன் கதவைத் தாண்டி மேலே ஏறினாள். என்ன சொல்வது என்று படிக்குப் படி முடிவு செய்தாள். குழாய் போடவில்லை, நீங்கள் மனசில் வைத்துக்கொண்டு சங்கடப்பட வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். டப்பா வியாபாரத்தை நிறுத்திவிட வேண்டும். அதற்கப்புறம் என்ன செய்வது என்பதைக் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும், அவளால் இனிமேல் யோசிக்க முடியாது.

டோ லா யீ கதவைத் திறந்தார். பெர்சிஸ் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

கிழக்குச் சுவர் வெறுமையாக இருந்தது. பீடம் இருந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு வெளுப்பாகத் தெரிந்தது. அதற்குக் கீழே, அதே கூண்டில் திறக்கிற மேல் வீட்டுக் கணப்பின் வாயை மூடியிருந்த பலகையையும் காணோம். பயா ஜன்னல் பக்கத்து மூலையில், புதிதாக அடித்த ஒரு தட்டின் மேல் பூவோடு இருந்தார்.

"அம்மா, எப்ப மாத்துனீங்க?"

"போன பௌர்ணமிக்கு" என்று டோ லா யீ பர்மிய மொழியில் சொன்னார். "அடுப்புக்காரர்கள் இரண்டு பேரும் வந்து பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் இறங்கிப் போனார்களே, எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல நாள் பார்த்து மாற்றி, குழாய் மாட்ட வசதியாகப் பலகையையும் எடுத்துவைத்தேன். அப்புறம் யாருமே வரவில்லை. காசுக்குச் சிரமமாக இருக்கும், கேட்டால் உனக்குக் கூச்சமாக இருக்குமே என்று நானும் கேட்கவில்லை."

பௌர்ணமி போய், அமாவாசையும் போய்விட்டது. பெர்சிஸுக்குத் தலை சுற்றியது. ஜோ மின்னுக்கு ஆனாடெ, ஜமாலுக்கு ஆனாடெ, இந்தம்மாவுக்கு ஆனாடெ. எல்லாரும் எல்லார் மனசும் நோகக் கூடாதென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், கீழே ஒரு மனுஷன் மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தார்.

"உங்க பயாவைப் போய் எங்களுக்காக மாத்தணுமா அம்மா?" என்று கேட்டபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

டோ லா யீ அவள் கையைப் பிடித்துக் கணப்பின் வாயருகே கூட்டிக்கொண்டு போனார். "கேள்" என்றார்.

பெர்சிஸ் குனிந்தாள். கரி வாடையோடு, பக்கத்தில் நின்று இருமுவதுபோல் தேவநேசனின் இருமல் அந்த இருட்டுக்குள்ளிருந்து ஏறி வந்தது. விடாத இருமல். கடைசியில் அவர் இயேசப்பா என்று முனகுவதுகூடக் கேட்டது. அந்த முனகலை அவள் பின்கட்டில் நின்று ஒருநாளும் கேட்டதில்லை.

"கண்ணை மூடி உட்கார்ந்தால் பயாவுக்குப் பின்னாலிருந்து இது வரும்" என்றார் டோ லா யீ. "இதைக் கேட்டுக்கொண்டு எனக்கு நிம்மதி கொடு என்று நான் எப்படிக் கும்பிடுவது?"

பெர்சிஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அங்கேயே நின்று ஜமாலுக்குப் போன் செய்து, பயா இடம் மாறிவிட்டது, இப்போது நிஜ விலையைச் சொல் என்றாள். அவன் சொன்னான். கட்டுப்படியாகும் விலைதான். நாளைக்குக் காலையிலேயே வந்து நிற்க வேண்டும் என்றாள். பிறகு, யோசிக்காமல் கணப்புக்குள் தலையை நுழைத்துக் கத்தினாள்.

"என்னங்க! அந்தக் காகிதத்தையெல்லாம் கிழிச்சு அடுப்புல போடுங்க. நாளைக்கு ஜமால் வர்றான்!"

கீழே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. குரல் எங்கிருந்து வருகிறதென்று அவர் கூடம் முழுக்கத் தேடியிருக்க வேண்டும். பிறகு கூண்டுக்குள் அவர் குரல், இளைத்து இளைத்து ஏறி வந்தது.

"பெர்சி… ஜமால் விலை குறைச்சுட்டானா? அப்ப இன்னொரு கொட்டேஷன் வாங்கணுமே."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணீரும் நிற்கவில்லை. கீழே அவர் மறுபடி இரும ஆரம்பித்தார். டோ லா யீ பக்கத்தில் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தார். இருமல் அடங்குகிறவரை இரண்டு பேரும் அந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.