கிரேன்காரி பெயர் வைத்த கப்பல்

எங்கள் கப்பல் கட்டும் தளத்தில், புதுக் கப்பலுக்குப் பெயர் சொல்லி நீரில் இறக்கி வைக்கும் ஞானத்தாயை யாரும் நியமிப்பதில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் கை தூக்கித் தேர்ந்தெடுப்போம். யூகோஸ்லாவியா இருந்தபோதும் அப்படித்தான், அது உடைந்து நாங்கள் குரோவேஷியர்கள் ஆன பிறகும் அப்படித்தான். இந்தக் கப்பலுக்கு நெவியா. இதன் ஒவ்வொரு துண்டையும் கிரேனில் தூக்கி வைத்தவள். அரசு தளத்தை மூடப்போகிறது, இதுவே கடைசிக் கப்பல் என்று ஊரெல்லாம் பேச்சு. நெவியா தலைக்குச் சாயம் பூசி, நீலக் கவுன் தைத்து வைத்திருந்தாள்.

கப்பலை நீரில் இறக்கும் நாளன்று காலையில் அமைச்சகத்து ஆள் ஒருவன் வந்தான். ஞானத்தாய் அமைச்சரின் மனைவியாம்.

"அப்ப நான்?" என்றாள் நெவியா.

"நீங்க வழக்கம்போல கிரேன்லயே இருங்கம்மா. டிவியில நல்லா தெரியும்."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! நெவியா அந்த நீலக் கவுனோடே ஏணியில் ஏறினாள்.

சரிவில் கப்பலைப் பிடித்து வைத்திருக்கும் கடைசித் தகட்டைக் கேஸ் கட்டரால் அறுப்பது என் வேலை. ஞானத்தாய் பெயர் சொன்னால்தான் அறுப்போம். மேடையில் அமைச்சரின் மனைவி பெயரைச் சொன்னாள். பாட்டில் உடைந்தது. பாண்டு முழங்கியது. நான் கட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அமைச்சகத்து ஆள் ஓடி வந்தான். "என்னய்யா, அறு!"

"ஞானத்தாய் இன்னும் சொல்லலையே."

"காது செவிடா? இப்பத்தான சொன்னாங்க!"

"அவங்க விருந்தாளி சார். எங்க ஞானத்தாய் மேல இருக்காங்க."

"இதுக்கு நீ அனுபவிப்ப."

"இப்ப மட்டும் என்ன, சொகுசாவா இருக்கோம்?"

பாண்டு நின்றது. பக்கத்தில் கப்பலுக்கு அடியிலுள்ள முட்டுக்கட்டைகளைத் தட்டி எடுக்கிறவர்களும் சுத்தியலைக் கீழே போட்டார்கள். ஊரே அண்ணாந்து கிரேனைப் பார்த்தது.

நெவியா ஜன்னலைத் திறந்தாள். "எர்மானோ! எதுக்குடா குந்திக்கிட்டிருக்க? கப்பல் தண்ணியில இறங்கணும்டா!"

"பேரைச் சொல்லுக்கா!" என்றேன்.

தொண்டை கிழியக் கத்தினாள். கப்பலை வாங்கியவன் வைத்த அதே பெயர்தான். ஆனால் அதை அவள் சொன்னாள். கட்டரைப் பற்றவைத்து அறுத்தேன். கப்பல் முனகிக்கொண்டு வழுக்கிக் கடலில் விழுந்தது. கூட்டம் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிரேனைப் பார்த்துக் கை தட்டியது.

அன்று மாலைச் செய்தியில் ஞானத்தாய் என்று அமைச்சரின் மனைவியைத்தான் காட்டினார்கள். நெவியா பெயரே இல்லை. தாமதம் ஏன் என்று கேட்டதற்கு அமைச்சர் கரையில் நின்றபடி சொன்னார்: "தொழிலாளர்களுக்கு வேலையில் அக்கறை இல்லை. இவர்களுக்காக அரசு எத்தனை நாள் பணம் அழுவது?"

அக்கறை இல்லாதவர்கள் கட்டிய கப்பல் அவர் முதுகுக்குப் பின்னால் மிதந்துகொண்டிருந்தது.