நானே அறுத்த அடிக்கட்டை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எல்லாரும் சொல்வார்கள். வரவேண்டிய அன்றைக்கு மட்டும் அந்தக் கோபம் எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை.

நோர்வேயில், குரோருட் பகுதியில் ஒரு குடியிருப்பு முற்றத்தில் காய்ந்துபோன ஊசியிலை மரத்தை விழுத்தப் போயிருந்தோம், நானும் இரவீந்திரன் அண்ணையும். இருவரும் ஈவாரின் சிறிய மரம் வெட்டும் நிறுவனத்தில் வேலை. வெட்டுவது அண்ணை. மரம் அறுக்கும் சங்கிலி வாள்களைத் துப்புரவாக்குவது, எண்ணெய் விடுவது, சங்கிலிப் பற்களை அரத்தால் தீட்டுவது, விழுந்த மரத்தைத் துண்டு போடுவது நான். மரம் விழுத்தும் பயிற்சிக்கு அடுத்த வாரம் என்னை அனுப்புவதாக ஈவார் சொல்லியிருந்தார். நாலு வருடம் நச்சரித்து வாங்கிய இடம் அது.

விழ வேண்டிய பக்கத்தில் முதலில் வாய் போல ஒரு வெட்டுப் போட வேண்டும். பிறகு பின்பக்கத்திலிருந்து அறுத்து வந்து, மூன்று விரல் அகலத்தை அறுக்காமல் விட வேண்டும். கதவை நிலையோடு பிடிக்கும் பிணைச்சல் மாதிரி, அதுதான் மரத்தைப் பிடித்துச் சொன்ன பக்கம் சாய்க்கும். அண்ணை அவசரத்தில் அதையும் சேர்த்து அறுத்துவிட்டார். மரம் திரும்பிச் சைக்கிள் கொட்டகையை நசுக்கியது. நல்ல காலம், உள்ளே ஒருவரும் இல்லை.

அண்ணை வாளை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

“பிள்ளை, இந்த வருசம் இது ரெண்டாவது. அடிக்கட்டையைப் பாத்தால் ஈவாருக்கு விளங்கிடும், வேலை போயிடும். நிலத்தோடை அறுத்துவிடு. காத்தெண்டு சொல்லுவம்.”

பாவம் பார்த்தேன். அறுத்தேன். மாலையில் வழக்கம்போலச் சங்கிலியையும் புதிதாகத் தீட்டி வைத்தேன்.

மறுநாள் ஈவார் எங்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். அண்ணைக்கு நோர்வேஜிய மொழி சரியாக வராது என்று ஆறு வருடமாக நான்தான் அவருக்காகக் கதைத்து வருகிறேன். என்ன நடந்தது என்று ஈவார் கேட்டார்.

அண்ணை மேசையைப் பார்த்தபடி சொன்னார்: “சங்கிலிப் பல்லு ஒரு பக்கம் நீளம், மற்றப் பக்கம் கட்டை. வாள் ஒரு பக்கமா இழுத்துக்கொண்டு போயிட்டுது. அப்பிடியே சொல்லு பிள்ளை.”

“அண்ணை, காத்தெண்டெல்லோ கதைச்சனாங்கள்?”

“நேற்றுக் காத்தே இல்லையெண்டு அவனுக்குத் தெரியும். உனக்குப் புருசன் உழைக்கிறான். நீ தாங்குவாய்.”

என் வேலையை, நான் தீட்டிய பல்லை, என் வாயாலேயே பழிக்கச் சொல்கிறார்! நடந்ததை, அண்ணை இப்போது சொல்லச் சொன்னதையும் சேர்த்து, ஒன்று விடாமல் ஈவாரிடம் சொன்னேன்.

“அடிக்கட்டை எங்கே?”

“அறுத்துவிட்டேன்.”

“அந்தச் சங்கிலி?”

“நேற்றே திரும்பத் தீட்டிவிட்டேன்.”

சொல்லும்போதே, தடயத்தை நானே அழித்தது போல அது ஒலிப்பது எனக்கு விளங்கியது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டிருந்தேன்.

ஈவார் அண்ணையின் பக்கம் திரும்பினார்.

“அவள் பொய் சொல்கிறாள்,” என்றார் அண்ணை, தெளிவான நோர்வேஜிய மொழியில், ஒரு பிழையும் இல்லாமல்.

இனி வாள்களைத் தொட வேண்டாம் என்றார் ஈவார். பயிற்சிப் பட்டியலில் என் பெயரின் மேல் கோடு இழுத்தார். நம்ப வைத்துக் கழுத்தறுத்த மனிதர் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

வாசலுக்கு வந்ததும் என் தோளைத் தட்டித் தமிழில் கேட்டார்:

“கோவமோ பிள்ளை?”