இன்னாசி மாமாவின் ரிசல்ட்

சைக்கிள் கேரியரில் கட்டிய ஐஸ் பார் சாக்கை மீறிச் சொட்டச் சொட்ட, கிறிஸ்துராஜ் வில்லாபுரத்துக்குள் நுழைந்தான். தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருத்தன் பழக்கதோஷத்தில் விசில் அடித்துவிட்டான். பக்கத்திலிருந்தவன் அவன் தொடையில் ஒன்று போட்டான்.

“கூறுகெட்டவனே, ரேசா ஓட்டுறாரு? அவுக மாமனார் செத்துப் போயிட்டாரு. ஐஸ் கொண்டு போறாரு.”

விசில் அடித்தவன் எழுந்து நின்று, மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டான்.

விடிந்ததிலிருந்து கிறிஸ்துராஜுக்கு இதே வேலைதான். சாவு வீட்டில் சைக்கிள் சாம்பியன் ஒருத்தன் இருந்தால் சும்மா விடுவார்களா? திருமங்கலத்தில் இருக்கிற மாமாவின் தங்கச்சிக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றார்கள். தந்தி கொடுப்போம் என்று ஒருத்தர் சொன்னதற்கு, “தந்தி எதுக்கு, அதுக்கு முந்தி நம்ம மாப்ள போயிருவாருல்ல” என்று நாலு பேர் அவரை அடக்கிவிட்டார்கள். போய்ச் சொல்லிவிட்டு வந்தான். வியர்வை காயுமுன் பூ வாங்க அனுப்பினார்கள். அப்புறம் ஐசுக்கு. அழுவதற்குக்கூட மனுஷனுக்கு நேரம் கொடுக்கவில்லை. அவனுக்கோ மாமா மேல் நிஜமாகவே பாசம். அப்பன் இல்லாத பையன் என்று மற்றவர்கள் கழித்துக்கட்டியபோது, மகள் ஆனிமேரியைக் கொடுத்து, பக்கத்திலேயே வைத்துக்கொண்டவர்.

கிறிஸ்துராஜுக்கு ஒரு மத்திய அரசு ஆபீசில் வேலை. ஆபீஸ் பேரைச் சொல்லி நமக்கு எதற்கு வம்பு? உத்தியோகத்துக்குப் பேர் குமாஸ்தா. ஆனால் அவன் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. காலையும் மாலையும் ரோட்டில் மிதிக்க வேண்டும், போட்டியில் ஆபீசுக்கு ஜெயித்துக் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம். கப்பு மட்டும் பெரிய ஆபீசர் அறையில் இருக்கும்.

இன்னாசி மாமா மிஷன் ஸ்கூல் ஒன்றில் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவர். அன்று காலை வாசலில் வந்த பருத்திப்பாலை ஒரு டம்ளர் குடித்தார். “இன்னொரு டம்ளர் வாங்கியாரவா?” என்று அவர் மனைவி விக்டோரியா கேட்டாள். தலையை ஆட்டினார். அவள் வாங்கிக்கொண்டு வருவதற்குள், ஆட்டிய தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. டாக்டர் வந்து மாரடைப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐசைக் கட்டிலுக்கடியில் இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது, எதிர்வீட்டு விருமாண்டி அவன் காதருகே வந்தான். பெட்டி, பந்தல், பெஞ்சு எல்லாம் அன்றைக்கு அவன் பொறுப்புதான்.

“மாப்ள, உங்க ஆபீஸ்ல இருந்து பெரிய ஆபீசர் வந்திருக்காரு. பாவம், அவசரத்துல மாலை இல்லாம வந்துட்டாரு. நான்தான் ஒண்ணு வாங்கிக் குடுத்துப் போட வச்சேன்.”

பந்தலுக்கடியில் சஃபாரி சூட் போட்ட ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அவர் வாயைத் திறக்கும் போதெல்லாம் யாரோ ஒருவர் காப்பியைக் கையில் திணித்திருக்கிறார்கள். காலடியில் மூன்று காலி டம்ளர்கள் கிடந்தன. அந்த முகத்தைக் கிறிஸ்துராஜ் தன் ஆபீசில் பார்த்ததே இல்லை. அவர் எழுந்து வந்து, அவன் கையைப் பிடித்து, வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

“பஞ்சாபகேசன். சி.பி.ஐ., மெட்ராஸ். துக்க வீடுன்னு தெரியாம வந்துட்டேன். திரும்பலாம்னு பார்த்தா, மாலை போட்ட கையோட எழுந்து போறது நன்னா இல்ல.”

அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று கிறிஸ்துராஜுக்குக் கேட்காமலே தெரிந்துவிட்டது. வேறொன்றுமில்லை, பாட்டில் சமாச்சாரம்.

அது தில்லியில் ஆசிய விளையாட்டு நடந்த மறு வருஷம். பொங்கல் கழிந்து அகில இந்திய இலாகா சைக்கிள் போட்டி மதுரையிலேயே நடந்தது. கிறிஸ்துராஜ் மூன்றாவதாக வந்தான். அவன் காலை மட்டும் புகழ முடியாது. ராத்திரியில் தூங்காமல் லாரி ஓட்டுகிறவர்கள் போடுகிற வெள்ளை மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு. டீமில் ஆறு பேரும் போட்டிருந்தார்கள். கோச்சே கையில் வைத்துக் கொடுப்பார். போட்டி முடிந்து அவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கையில் தில்லி டாக்டர் ஒருத்தர் ஜீப்பில் வந்து இறங்கினார். ஆளுக்கொரு பாட்டிலைக் கொடுத்து, நாளைக் காலையில் முதல் மூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று வீட்டுக்கு அனுப்பினார். அவர் எப்பேர்ப்பட்ட நல்ல மனுஷராக இருந்திருக்க வேண்டும்!

மற்ற ஐந்து பேரும் ஆண்டவன் விட்ட வழி என்று தங்களுடையதையே கொடுத்தார்கள். கிறிஸ்துராஜ் ராத்திரி முழுக்க யோசித்தான். வில்லாபுரத்திலேயே சுத்தமான உடம்பு யாருடையது? சந்தேகமென்ன, இன்னாசி மாமாதான். பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது, கிறிஸ்துமசுக்கு யாராவது ஒயின் கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவார். அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே பயம், சர்க்கரை. அவருடைய அண்ணனுக்கு அதில் ஒரு காலே போய்விட்டது. அன்றிலிருந்து காப்பியில் சீனி கிடையாது, ஜிலேபிக் கடை வந்தால் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நடப்பார். ஆனால் டாக்டரிடம் மட்டும் போகமாட்டார். போய், இருக்கிறது என்று சொல்லிவிட்டால்?

“பின்னால நீங்க ஒதுங்குற எடத்துல எறும்பா மொய்க்குது. ஒரு தடவ போய்ப் பாருங்களேன்,” என்று விக்டோரியா சொல்லாத நாளில்லை.

“எறும்புக்கு என்னடி தெரியும்?” என்பார்.

கிறிஸ்துராஜ் பாட்டிலோடு போய் நின்றான்.

“மாமா, எங்க ஆபீஸ்ல வீட்ல உள்ளவுகளுக்கும் இனாமா சக்கரை டெஸ்ட் பண்றாக. ஊசி கீசி ஒண்ணும் கெடையாது. இதுல பிடிச்சுக் குடுத்தாப் போதும்.”

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “மகன் இருந்தாக்கூட இதெல்லாம் நெனச்சுப் பாக்கமாட்டான் மாப்ள.”

அதற்கப்புறம் தினமும் கேட்டார், ரிசல்ட் வந்துச்சா, ரிசல்ட் வந்துச்சா என்று. ரிசல்ட் எங்கிருந்து வரும்? தொல்லை தாங்காமல் ஒரு நாள் சாயங்காலம், “வந்துருச்சு மாமா. உங்களுக்குச் சக்கரையே இல்ல,” என்று சொல்லிவிட்டான். சொல்லும்போது அது ஒரு நல்ல காரியம் மாதிரிகூட அவனுக்குத் தோன்றியது.

சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்குப் பிறகு மனுஷன் வாழ்ந்தார்! அன்றே ஜிலேபி வாங்கிவந்து தெருவுக்கெல்லாம் கொடுத்தார். காப்பியில் மூன்று கரண்டி சீனி. காலையில் பருத்திப்பால், மாலையில் அல்வா. விக்டோரியா எறும்பு என்று வாயெடுத்தால், “கவர்மெண்டே இல்லைன்னு சொல்லிருச்சு. உன் எறும்பு இருக்குன்னு சொல்லுதாக்கும்?” என்று ஒரே அடியாக அடித்துவிடுவார்.

துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பஞ்சாபகேசன் குரலைத் தாழ்த்தினார்.

“இலாகா போட்டிங்கறதால கேஸ் எங்ககிட்ட வந்திருக்கு. உங்க டீம்ல அஞ்சு பாட்டில்ல மாத்திரை இருக்கு. உங்க பாட்டில்ல இல்ல.”

கிறிஸ்துராஜுக்கு உயிர் வந்தது. “நான் அதையெல்லாம் தொடறதே இல்ல சார்.”

“ஆனா சர்க்கரை இருக்கு. கொஞ்ச நஞ்சமில்ல, கொட்டிக் கிடக்கு. லாப்ல இருக்கறவர் எனக்குப் போன் பண்ணி, ‘இந்த ஆள் சைக்கிள் ஓட்டினாரா, இல்ல சைக்கிள்ல உட்கார வச்சு யாராவது தள்ளிண்டு போனாளா’ன்னு கேக்கறார். அது யாரோட பாட்டில்?”

“என்னுதுதான் சார்,” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் மண்டைக்குள் ஏறியது. சர்க்கரை. கொட்டிக் கிடக்கு. பின்வாசல் வழியாகப் பார்த்தால் கட்டிலில் மாமாவின் பாதங்கள் தெரிந்தன. அடப்பாவி, நானா? அந்த மூன்று கரண்டி சீனியையும் நானா போட்டேன்? வேலை போகும், பேர் போகும் என்று இத்தனை நேரம் பயந்த பயமெல்லாம் சின்னதாகப் போய்விட்டது. அத்தைக்கும் ஆனிமேரிக்கும் தெரிந்தால்?

“உங்களுதுதானா? அப்போ சரி. இப்பவே இன்னொண்ணு பிடிச்சுக் குடுத்துடுங்கோ. அவ்வளவு சர்க்கரை எங்கயும் ஓடிப் போயிருக்காது.”

அதற்குள் விக்டோரியா கையில் ஒரு டம்ளரோடு பின்பக்கம் வந்துவிட்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் ஆபீசர் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“சார், நீங்க காப்பி குடிக்காமப் போகக் கூடாது.”

“ஏற்கெனவே மூணு ஆச்சும்மா.”

“இது நான் போட்டது. உங்க ஆபீஸ் செஞ்ச உதவிய நான் சாகுற மட்டும் மறக்கமாட்டேன் சார்.”

“என்ன உதவிம்மா?”

“அத்தை, உள்ள போங்க, ஆளுக தேடுவாக,” என்றான் கிறிஸ்துராஜ்.

“இருங்க மாப்ள. நல்லது செஞ்சவுகளுக்கு ஒரு வார்த்த சொல்ல வேணாமா? சார், மாப்ள ஒரு பாட்டில்ல இவுக மாமா மூத்திரத்தக் கொண்டாந்து உங்க ஆபீஸ்ல குடுத்தாருல்ல. நீங்கதான இனாமா டெஸ்ட் பண்ணி, சக்கரையே இல்லைன்னு சொன்னீக. அதுக்கப்பறம் எம்புட்டு சந்தோசமாச் சாப்பிட்டாரு தெரியுமா? வாயக் கட்டி வயித்தக் கட்டிப் போய்ச் சேராம, ஆசைப்பட்டதத் தின்னுட்டுத்தான் போனாரு. எனக்கு இப்ப அது ஒண்ணுதான் சார் ஆறுதல்.”

பஞ்சாபகேசன் டம்ளரை வாய்வரைக்கும் கொண்டுபோனவர், குடிக்கவில்லை. கட்டில் பக்கம் ஒருதரம் பார்த்தார். அப்புறம் கிறிஸ்துராஜைப் பார்த்தார். கேஸ் முடிந்துவிட்டது என்ற சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை. ஏன்தான் மதுரை வண்டியில் ஏறி வந்தோமோ என்பது போல நின்றார்.

விக்டோரியா விடுவதாக இல்லை. “எனக்கும் கொஞ்ச நாளா தலை கிறுகிறுன்னு வருது சார். அதே மாதிரி எனக்கும் ஒரு தடவ பாத்துரச் சொல்லுங்க. டாக்டரெல்லாம் வேணாம். மாப்ள வாயால இல்லைன்னு சொல்லிட்டா நான் நம்பிருவேன்.”

கிறிஸ்துராஜால் அதற்கு மேல் முடியவில்லை.

“அத்தை, அது மாமாவுக்கு எடுத்த டெஸ்ட் இல்ல.”

“பெறகு?”

“எனக்கு எடுத்தது. நான் ரேசுக்கு மாத்திர போட்டிருந்தேன். மாட்டிக்கக் கூடாதுன்னு மாமாவோடத என்னுதுன்னு குடுத்துட்டேன். எனக்கு ரிசல்ட்டே வரல அத்தை. நானாத்தான் சொன்னேன்.”

உள்ளே யாரோ மூக்கைச் சிந்தினார்கள். விக்டோரியா ஆபீசர் பக்கம் திரும்பினாள்.

“இப்ப வந்திருச்சா சார்?”

“வந்திருக்கும்மா.”

“இருந்துச்சா?”

பஞ்சாபகேசன் தரையைப் பார்த்துக்கொண்டு, “இருந்தது,” என்றார்.

“அப்ப எறும்பு பொய் சொல்லல,” என்றாள் விக்டோரியா. டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி, காப்பியை முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டு, உள்ளே போனாள். பின்வாசல் படியில் ஆனிமேரி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. “மேரி...” என்றான். அவள் அம்மாவுக்குப் பின்னாலேயே போய்விட்டாள்.

“எழுதிக்கலாமா?” என்று பஞ்சாபகேசன் கேட்டார்.

“எழுதிக்கங்க சார்.”

துணி துவைக்கிற கல்லின் மேல் காகிதத்தை வைத்து அவர் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். கிறிஸ்துராஜ் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே விருமாண்டி வாசலிலிருந்து கத்தினான். “மாப்ள, எங்க போயிட்டீங்க? சாமியார் வந்துட்டாரு, பெட்டியத் தூக்கணும்!”

ஜெபம் முடிந்தது. பெட்டியை மூடும்போது வீடே கதறியது. கிறிஸ்துராஜும் அப்போதுதான் வாய்விட்டு அழுதான். கோயில் வரைக்கும் யார் யார் தூக்குவது என்று விருமாண்டி ஆள் பிரித்தான்.

“கால்மாட்டுக்கு நீங்க ரெண்டு பேரும். தலமாட்டுக்கு இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் மாப்ள.”

மகன் இல்லாத வீட்டில் அந்த இடம் மருமகனுடையது. அதில் யாருக்கும் பேச்சே இல்லை. கிறிஸ்துராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தான்.

“மாப்ள வேணாம்,” என்றாள் விக்டோரியா.

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“விடிஞ்சதுல இருந்து சைக்கிள் மிதிச்சுக் களைச்சுப் போயிருக்காரு. இந்த சார் பிடிக்கட்டும்.”

“பாத்தியாடி,” என்று திருமங்கலத்துத் தங்கச்சி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள், “இந்த நேரத்துலயும் மருமகன் மேல எம்புட்டு அக்கறைன்னு.”

“நானாம்மா?” என்றார் பஞ்சாபகேசன்.

“நீங்கதான் சார்.”

சர்வீசில் அவர் எத்தனையோ வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார், எத்தனையோ பேரைத் தூக்கியும் இருக்கிறார். இப்படிச் சிக்கியதில்லை. சஃபாரியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கையிலிருந்த தோல்பையை எங்கே வைப்பது என்று இரண்டு பக்கமும் பார்த்தார். ஆனிமேரி வந்து அதை வாங்கிக்கொண்டாள். நேராகப் புருஷனிடம் போய், அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பெட்டி கிளம்பியது. விருமாண்டியின் உயரத்துக்குப் பஞ்சாபகேசன் ஈடு கொடுக்க முடியாமல் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. “சார், இன்னுங்கொஞ்சம் ஒசத்திப் பிடிங்க, அண்ணே சரியுறாரு பாருங்க,” என்று விருமாண்டி சொல்ல, அவர் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பையின் பித்தளைக் கொக்கி சரியாக மாட்டவில்லை. உள்ளே இருக்கிற காகிதம் எதுவும் ரோட்டில் விழுந்துவிடாமல், இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கடைசியில் கிறிஸ்துராஜ் நடந்தான்.