மார்க்கர்களின் பந்தயம்

தேர்தல் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பாறசாலைச் சந்தையில் மீன் வாங்குகிறவன்கூட, நீ எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசினான். மலையாள ராஜ்யத்தில் இருந்த தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம், விடமாட்டோம் என்று இன்னொரு கூட்டம். அந்தப் பங்குனியில்தான் நெய்யாற்றங்கரை ஆற்றோரக் கிளப்பில் மார்க்கர்களின் டென்னிஸ் பந்தயம் நடந்தது.

மார்க்கர் என்றால் கிளப்பில் சம்பளத்துக்கு டென்னிஸ் ஆடுகிறவன். வக்கீலோ டாக்டரோ ஆட வந்து எதிரில் ஆள் இல்லாவிட்டால் அவன் நிற்பான். காலையில் செம்மண் தரைக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்பில் கோடு போடுவதும் அவன் வேலைதான். வருடம் முழுக்க மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து ஆடுகிற இவர்கள், தங்களுக்காக ஆடுவது இந்த ஒரு பந்தயத்தில்தான்.

ரெத்தினதாஸ் திருவனந்தபுரத்தில் ஒரு கிளப்பின் மார்க்கர். வீடு பாறசாலையில். நாற்பதைத் தாண்டிவிட்டான். முழங்கால் காலையில் மடங்க மறுத்தது. இந்த வருடம் போகவேண்டாம் என்றுதான் நினைத்திருந்தான். அவனைப் போகவைத்தது மச்சினன் சுவாமிதாஸ். மனைவி விமலகுமாரியின் தம்பி, போராட்டக்காரன், பேச ஆரம்பித்தால் கழுத்து நரம்பு புடைக்கும். அத்தான் ஜெயித்தால் தமிழன் ஜெயித்த மாதிரி என்று அவன் ஊரெல்லாம் சொல்லிவைத்துவிட்டான்.

இறுதி ஆட்டத்தில் எதிரே வந்தவன் சதாசிவன். கொல்லத்தில் மார்க்கர், சொந்த ஊர் திருப்புறம். வீட்டில் மலையாளம், சந்தையில் தமிழ். இருவரும் பல வருடங்களாக ஒருவரையொருவர் தோற்கடித்து வந்தவர்கள். யார் தோற்றாலும் ஆட்டம் முடிந்ததும் ஒன்றாகப் போய்க் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் தின்பது வழக்கம்.

அன்று கோர்ட்டைச் சுற்றிக் கிளப் ஆட்களைவிட வெளியாட்கள்தான் அதிகம். மேற்கு வேலியோரம் சுவாமிதாஸின் கூட்டம். ஆற்றுப்பக்கம் மற்றவர்கள். முதல் செட்டை ரெத்தினதாஸ் எடுத்தான், இரண்டாவதைச் சதாசிவன். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு பக்கம் கூவியது, மறுபக்கம் அதற்கு மேல் கூவியது. வெயிலில் தரை காய்ந்து, கால் வைத்த இடமெல்லாம் செம்புழுதி எழுந்தது.

மூன்றாவது செட்டுக்கு முன் இருவரும் தண்ணீர்ப் பானையருகே நின்றார்கள். தோற்றால் திருப்புறம் பக்கம் வரவேண்டாம் என்று காலையில் தன்னிடம் சிலர் சொல்லிவிட்டுப் போனதாகச் சதாசிவன் சொன்னான். சொல்லிவிட்டு மிச்சத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். ரெத்தினதாஸ் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயந்து நின்றுகொண்டே இருந்தான்.

அந்தச் செட்டும் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் ரெத்தினதாஸுக்கு இன்னும் ஒரே புள்ளிதான் வேண்டும் என்ற இடத்துக்கு வந்தது. சதாசிவன் நீளமாக ஒரு பந்தை அடித்தான். அது பின்கோட்டருகே விழுந்து சுண்ணாம்புப் பொடியைக் கிளப்பியது. நடுவராக உயர நாற்காலியில் இருந்த வக்கீல் கருணாகரன் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. வெளியே என்று மேற்குப் பக்கம் கத்தியது. உள்ளே என்று ஆற்றுப்பக்கம் கத்தியது. மூங்கில் வேலி இரண்டு பக்கமும் ஆடியது.

ரெத்தினதாஸ் போய்ப் பார்த்தான். செம்மண்ணில் பந்தின் தடம் தெளிவாக இருந்தது. கோட்டைத் தொட்டிருந்தது. சந்தேகமே இல்லை.

உள்ளே என்றால் மேற்குப் பக்கம் வேலியைப் பிடுங்கும். வெளியே என்றால் ஆற்றுப்பக்கம் தோற்றுப்போன சதாசிவனைப் பிடிக்கும். இதை யோசிக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. பார்ப்பதுபோலக் குனிந்து, காலால் அந்தத் தடத்தைத் தேய்த்துவிட்டான்.

"தெரியல்ல சார். திருப்பி ஆடலாம்" என்றான். கருணாகரன் உடனே தலையாட்டினார்.

திருப்பி ஆடினார்கள். ரெத்தினதாஸ் பந்தை நடுவில் போட்டான். சதாசிவன் நடுவிலேயே திருப்பினான். மறுபடி நடு. மறுபடி நடு. மூலைக்கு அடிக்க எத்தனையோ இடம் இருந்தது, இருவரும் அடிக்கவில்லை. ஜெயிக்க இருவருக்கும் பயம், தோற்கவும் பயம். முதலில் கூட்டம் ஒவ்வொரு அடிக்கும் கூவியது. பிறகு கூவிக் கூவிச் சலித்தது. பிறகு பந்து மட்டையின் நரம்பில் படும் சத்தம் மட்டும் கேட்டது. ரெத்தினதாஸுக்குக் கண்ணில் வேர்வை இறங்கி, எதிரே இருப்பவனின் முகம் தெரியவில்லை. பந்து மட்டும் தெரிந்தது. இது முடியாமலே போனால் நல்லது என்று ஒரு கணம் தோன்றியது.

அப்போதுதான் வலது கெண்டைக்கால் இழுத்தது. கத்தியால் குத்தியதுபோல. அவன் அப்படியே மண்ணில் விழுந்தான். பந்து அவனைத் தாண்டி உருண்டுபோய் வேலியில் நின்றது.

எழுந்திருக்கப் பார்த்தான். கால் கல்லாக இருந்தது. கருணாகரன் கீழே இறங்கி வந்து, தொடர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று அவன் கையை ஆட்டினான். சதாசிவன் ஜெயித்ததாக அவர் சொன்னதுதான் தாமதம், ஆற்றுப்பக்கம் ஆர்ப்பரித்தது. மேற்குப் பக்கம் வாசலை நோக்கி நகர்ந்தது.

சதாசிவன் பரிசுக் கோப்பை இருந்த மேசைப் பக்கம் திரும்பவேயில்லை. வலையைத் தாண்டி வந்து குந்தி, ரெத்தினதாஸின் கால்விரல்களைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தான்.

"மதி, ரெத்தினம். இனி மதி" என்றான், மலையாளத்தில் போதும் என்பதாக. பிறகு முதுகைக் காட்டி அவனை ஏற்றிக்கொண்டு நடந்தான்.

வாசலில் சுவாமிதாஸ் நின்றான். அவன் கையில் கல் இருந்தது. அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் கைகளிலும் இருந்தது. எறிந்தால் யார்மேல் படும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முதுகில் இருந்தவன் அவர்கள் ஆள்.

"வழி விடு மக்கா" என்றான் ரெத்தினதாஸ். "எனக்க காலு நிக்கல்ல."

சுவாமிதாஸ் ஒதுங்கினான். மற்றவர்களும் ஒதுங்கினார்கள்.

கலவரத்துக்குப் பயந்து பஸ் ஓடவில்லை. ஓடு ஏற்றிப் போன ஒரு மாட்டுவண்டிக்காரன் இருவரையும் ஏற்றிக்கொண்டான். பாறசாலை வீட்டில் விமலகுமாரி சதாசிவனுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே குறுக்குவழியாக ஊருக்குப் போனான். எதிராளியைச் சுமந்து போனதற்காக அவனை அங்கே யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று பிறகு தெரிந்தது.

சாயங்காலம் சுவாமிதாஸ் வந்தான். உட்காரவில்லை.

"அத்தான், அந்தப் பந்து உள்ளயா வெளியயா?"

"கோட்டுலயாக்கும் விழுந்தது."

"பின்ன ஏன் அப்பமே சொல்லல்ல?"

"சொன்னா நீங்க விடுவியளா?"

சுவாமிதாஸ் படியிறங்கிப் போய்விட்டான். பிறகு பல வாரம் அந்த வீட்டுப்பக்கம் வரவில்லை.

ஆடி மாதம் முடிவதற்குள் மார்த்தாண்டத்தில் போராட்டக்காரர்கள்மேல் துப்பாக்கிச்சூடு நடந்தது. போலீஸ் வீடு வீடாகத் தேடி சுவாமிதாஸைப் பிடித்துக்கொண்டு போனது. மறுவருடம் மார்க்கர்களின் பந்தயத்தை யாரும் நடத்தவில்லை. ரெத்தினதாஸ் பழையபடி திருவனந்தபுரத்தில் தண்ணீர் தெளித்து, கோடு போட்டு, டாக்டர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தான்.

சுவாமிதாஸ் விடுதலையாகி வந்த அன்று ரெத்தினதாஸும் வீட்டில் இருந்தான். மச்சினன் பாதியாக மெலிந்திருந்தான். போராட்டத்தைப் பற்றி அவன் பேசவில்லை. ஜெயிலைப் பற்றி இவன் கேட்கவில்லை. விமலகுமாரி இருவருக்கும் சோறு போட்டாள். தின்று முடித்து, கை கழுவிவிட்டு, இருவரும் ஒரே பாயில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள். அவள் எச்சில் எடுத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் இருவரும் தூங்கிப்போயிருந்தார்கள்.